ஐந்தாவது அடுக்கு

1

இது ஒரு கட்டுரையாகப் பிறந்திருக்க வேண்டியது. அறிவியல் பக்கத்துக்கு எண்ணூறு சொற்கள், செவ்வாய்க்கிழமைக்குள் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். நம் செல்களுக்குள் இருக்கும் டி.என்.ஏ. தன் கிழிசல்களைத் தானே சரிசெய்துகொள்கிறது. இதயத் தமனியின் சுவரில் சேர்ந்த கொழுப்புப் படிவு உடைந்தால் அதுவும் சில சமயம் தானாகவே ஆறிவிடுகிறது. முதலாவதற்கும் இரண்டாவதற்கும் என்ன உறவு என்பதுதான் விஷயம். நானும் பொறுப்பாகத் தலைப்பு வைத்து அனுப்பினேன்: 'படிவின் ஆறுதல்'.

பத்து நிமிடத்தில் பொறுப்பாசிரியர் கூப்பிட்டார்.

"என்னங்க ஆறுதல்னு போட்டிருக்கீங்க? துக்கம் விசாரிக்கப் போற மாதிரி இருக்கு. குணமாதல்னு மாத்திடட்டுமா?"

"புண்ணு ஆறுதுன்னுதானேங்க சொல்றோம்? குணமாகறது வியாதி."

"வாசகர்கள் குழம்பிடுவாங்க."

வாசகர்கள் குழம்பினார்களோ இல்லையோ, நான் குழம்பிவிட்டேன். காப்பி ஆறுகிறது, கோபம் ஆறுகிறது, புண் ஆறுகிறது, பறிகொடுத்தவள் மனசு ஆறமாட்டேன் என்கிறது. இத்தனைக்கும் ஒரே வினைச்சொல்லை வைத்துக்கொண்டு நம் மொழி இவ்வளவு காலம் சமாளித்திருக்கிறதே என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்ததில் செவ்வாய்க்கிழமை போய்விட்டது. கட்டுரையும் அதோடு போய்விட்டது.

கட்டுரைக்காக ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணிடம் பதினைந்து நிமிடம் தொலைபேசியில் பேசியிருந்தேன். இறந்தவர்களின் தமனிகளை மெலிதாகச் சீவி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் வைத்து எண்ணுகிறவர். "உடைஞ்ச படிவு நிறைய தடவை சத்தமில்லாம ஆறிடுங்க. ஆளுக்கே தெரியாது. வாயுன்னு நினைச்சுட்டுப் போயிடுவாங்க," என்றார். மறுபடி கூப்பிட்டு இன்னும் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவருக்கு ஓர் அக்கா உண்டா என்றுகூடக் கேட்கவில்லை. ஆகவே இனி வரும் அக்கா என் கற்பனை. தங்கையும் கற்பனைதான். தமனி மட்டும் உங்களுடையதும் என்னுடையதும் மாதிரி ஒன்று.

2

தொடக்கங்கள்.

"மனித இதயம் ஒரு நாளைக்கு ஒரு லட்சம் தடவை" — வேண்டாம். இதயத்தைப் பற்றி எழுதுகிற அத்தனை பேரும் இந்த வாசலில்தான் செருப்பை விடுகிறார்கள்.

"அக்கா அழவில்லை. அவள் கண்கள்" — இதுவும் வேண்டாம். கல்லாய் உட்கார்ந்திருக்கிற பெண்கள் கதைகளில் ஏராளம். இந்த அக்கா தாராளமாக அழுகிறவள். சினிமாவில் யாராவது ரயில் ஏறினாலே மூக்கை உறிஞ்சுவாள்.

"தங்கை கத்தியைக் கையில் எடுத்தாள்." — கொலைக்கதை என்று நினைத்துவிடுவீர்களோ என்ற பயத்தில் இதை அடித்தேன். பிறகு மறுபடி எழுதினேன். ஏனென்றால் அவள் நிஜமாகவே கத்தியைத்தான் எடுத்தாள்.

3

தங்கை கத்தியைக் கையில் எடுத்தாள். சீவும் கருவியில் பொருத்துகிற அலகு அது, முகச்சவரம் செய்கிற பிளேடின் பெரியம்மா மாதிரி இருக்கும். மெழுகுக் கட்டியை எதிரே இறுக்கினாள். கட்டிக்குள் ஒரு தமனித் துண்டு, குறுக்கே வெட்டினால் மோதிரம் போல் தெரியும். கைப்பிடியைச் சுற்றச் சுற்ற மெழுகு நாடா நாடாவாக வந்தது. ஒவ்வொரு சீவலும் தலைமுடியின் பருமனில் பதினைந்தில் ஒரு பங்கு. மூச்சுப் பட்டால் சுருண்டுவிடும். அதனால் பதினோரு வருடமாக அந்தக் கருவியின் முன்னால் அவள் மூச்சை அடக்கித்தான் பழகியிருந்தாள். சீவலை வெந்நீரில் மிதக்கவிட்டு, சுருக்கம் நீங்கியதும் கண்ணாடித் தகட்டால் ஏந்தி எடுத்தாள்.

கட்டியின் மேல் பெயர் இல்லை. '31' என்ற எண்தான். கூட வந்த தாளில் ஒரே வரி: ஆண், நாற்பத்தைந்துக்கும் ஐம்பதுக்கும் இடையில், திடீர் மரணம்.

இனி கொஞ்சம் கட்டுரை. (பொறுப்பாசிரியர் கைவிட்ட எண்ணூறு சொற்களில் ஒரு நூறையாவது கரையேற்ற வேண்டாமா?)

தமனிச் சுவரில் கொழுப்பு சேர்ந்தால் அதன்மேல் தசைச் செல்கள் ஒரு மூடியை நெய்து போர்த்துகின்றன. மூடி கெட்டியாக இருக்கும்வரை ஆள் மாடி ஏறலாம், பாட்டுப் பாடலாம், பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டை போடலாம். மூடி கிழிந்தால் அந்த இடத்தில் ரத்தம் உறையும். உறைந்த கட்டி குழாயை முழுக்க அடைத்தால் மாரடைப்பு. அடைக்காவிட்டால் அதே தசைச் செல்கள் கட்டிக்குள் ஊர்ந்து புகுந்து, அதைத் தழும்பாக்கி, புது மூடி போட்டுவிடும். பழைய வீட்டுச் சுவரில் வெள்ளையடித்த பூச்சுகளை எண்ணுவதுபோல, எத்தனை தடவை கிழிந்து ஆறியது என்று அடுக்கடுக்காகப் பார்க்கலாம்.

ஆனால் அந்தச் செல்களுக்கே உடம்பு சரியில்லை என்றால்? அவற்றின் டி.என்.ஏ. நாள்தோறும் அறுபடுகிறது. அறுந்த இடத்தில் பழுதுபார்க்கும் புரதங்கள் கூடுகின்றன. அந்தக் கூட்டத்தின் மேல் ஒட்டிக்கொள்ளும் ஒரு சாயம் இருட்டறையில் பச்சைப் புள்ளியாக ஒளிரும். ஒரு செல்லில் ஒன்றிரண்டு புள்ளி என்றால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். இருபது, முப்பது என்றால் கிழிசல் மலை மாதிரி குவிந்திருக்கிறது, தைக்க ஆள் போதவில்லை. அப்படிப்பட்ட செல் பெருகுவதை நிறுத்திக்கொண்டு கிழமாகிவிடும். தன் கிழிசலையே தைக்க முடியாதது மூடியின் கிழிசலை எங்கே தைக்கும்? அப்படித்தானா என்பதைக் கண்டுபிடிக்கத்தான் அந்த ஆய்வுக்கூடத்தில் எண்ணிக்கொண்டிருந்தார்கள். முடிவு இன்னும் வரவில்லை.

கட்டுரை முடிந்தது. தங்கை முப்பத்தொன்றை மூன்று நாள் எண்ணினாள். நான்கு பழைய அடுக்குகள் இருந்தன. நான்கு தடவை கிழிந்து நான்கு தடவை ஆறியிருக்கிறது. அதற்கு மேலே ஐந்தாவது கிழிசல், அதன்மேல் ரத்தக்கட்டி. கட்டியின் மேல்பாகம் புதுசு. அடிப்பாகம் அப்படி இல்லை. அங்கே தசைச் செல்கள் ஏற்கெனவே ஊர்ந்து வந்து வேலையைத் தொடங்கியிருந்தன. குறிப்பேட்டில் எழுதினாள்: 'கிழிசலின் வயது ஐந்து முதல் ஏழு நாள்'. அந்தச் செல்களை உற்றுப் பார்த்தபோது உள்ளே பச்சைப் புள்ளிகள் அப்பிக் கிடந்தன.

"இத்தனை கிழிசலை வெச்சுக்கிட்டும் வேலைக்கு வந்திருக்கானுங்க பாரேன்," என்று பக்கத்து மேசைத் தோழியிடம் சொல்லிச் சிரித்தாள்.

(இந்த வாக்கியத்தை நான் எழுதியபோது முப்பத்தொன்று யாரென்று எனக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் அவளைச் சிரிக்க விட்டிருக்க மாட்டேன். அடித்துவிடலாமா என்று பார்த்தேன். தெரியாமல் சிரித்த சிரிப்பை அடிக்க எனக்கு என்ன உரிமை?)

4

ஆய்வுக்கூடத்தின் தலைவியான பேராசிரியைக்கு ஒரு பழக்கம். இதயத்தைக் கொடுத்த குடும்பங்களுக்கு வருடம் ஒருமுறை நன்றிக் கடிதம் போடுவார். விலாசத்தைத் தன் கையாலேயே எழுதுவார். அந்த வருடம் முப்பத்தொன்றாவது உறையில் பாதி எழுதியபோது அவர் பேனா நின்றது. பிறகு தங்கையைக் கூப்பிட்டனுப்பினார்.

"உட்காரும்மா. முப்பத்தொண்ணை இனிமே நீ தொட வேண்டாம்."

"அதை எண்ணி முடிச்சாச்சே மேடம்."

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "நீ இப்ப எங்கே குடியிருக்கே?"

"அக்காகூடத்தான் மேடம். அத்தான் போனதுலேர்ந்து. ஏழாம் நம்பர், மாடி…"

தெருப் பெயரைச் சொல்லவில்லை. வாய் நடுவழியில் நின்றுவிட்டது. பேராசிரியை உறையைக் கவிழ்த்து வைத்திருந்த விதத்திலேயே எல்லாம் விளங்கிவிட்டது.

அத்தான் இறந்த அன்று தங்கை வேறு ஊரில் பயிற்சியில் இருந்தாள். மறுநாள்தான் வந்து சேர்ந்தாள். அதற்குள் பிரேதப் பரிசோதனை முடிந்து, ஆஸ்பத்திரியில் யாரோ ஒரு படிவத்தை நீட்டி, அக்கா அதில் கையெழுத்தும் போட்டிருக்கிறாள். யாரிடமும் சொல்லவில்லை. அந்த ஆஸ்பத்திரியிலிருந்து இதயங்கள் போகிற ஆய்வுக்கூடம் ஒன்றே ஒன்றுதான்.

(முதல் வரைவில் அத்தான் இறந்த தேதியை வைத்துத் தங்கை தானே கண்டுபிடிப்பதாக எழுதியிருந்தேன். துப்பறியும் நெடி அடித்தது. கிழித்துப் போட்டேன்.)

"ஒண்ணு சொல்றேன் கேளு," என்றார் பேராசிரியை. "அந்த ஃபாரத்துல ஒரு கேள்வி இருக்கு. ஆய்வுல தெரியவர்றதைக் குடும்பத்துக்குச் சொல்லலாமான்னு. உங்கக்கா 'வேண்டாம்'ல டிக் போட்டிருக்காங்க. அவங்களே வந்து மாத்தற வரைக்கும் நானும் சொல்லக் கூடாது, நீயும் சொல்லக் கூடாது."

"சொன்னா அவளுக்கு நல்லதுன்னாலுமா மேடம்?"

"நல்லதா இல்லையான்னு அவங்கதானேம்மா முடிவு பண்ணணும்."

தங்கை எழுந்து வெளியே வந்தாள். கழுவுத்தொட்டியில் கை கழுவினாள். ஏற்கெனவே கழுவிய கையை மறுபடியும் கழுவினாள். மூன்று நாள் அவள் எண்ணியது அத்தானை. லிஃப்ட் மெக்கானிக். இவளுக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்து, இவள் விழுந்ததும் இவளைத் தூக்காமல் சைக்கிளைத் தூக்கி, "பெடலுக்கு ஒண்ணும் ஆகலை, நீயும் எந்திரி" என்று சொன்ன மனுஷன்.

5

அக்கா ஏன் 'வேண்டாம்' என்று போட்டாள்?

அக்காவைப் பற்றி நான் இன்னும் சொல்லவில்லை. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவள் தொழில். இரண்டு பக்கமும் பிரேக் உள்ள சின்ன வெள்ளைக் கார். பத்தொன்பது வருடத்தில் எண்ணூறு பேரைச் சாலைக்கு அனுப்பியிருக்கிறாள், அதில் பாதிப் பேர் முதல் நாள் அழுதவர்கள். வெளியில் யாரிடமும் குரல் உயர்த்த மாட்டாள். வீட்டுக்கு வந்தால் அதற்கு வட்டியும் முதலுமாக உயர்த்துவாள்.

அன்று வெள்ளிக்கிழமை காலை அப்படித்தான் உயர்த்தினாள். அத்தான் துணி துவைக்கும் இயந்திரத்தைக் கழற்றிக் கூடத்தில் பரப்பிப்போட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது. ஊர் லிஃப்ட்டெல்லாம் ஏறி இறங்கும், இந்த வீட்டில் மட்டும் எதுவும் ஓடாது என்று ஆரம்பித்து, சண்டை வழக்கம்போல் கல்யாணத்தன்று யார் யாரைக் காக்கவைத்தது என்பதுவரை போனது. கடைசியில் அவர் பையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்று, "சரி, போயிட்டு…" என்று இழுத்தார்.

"போய்த் தொலைங்க!" என்றாள் அக்கா.

பதினொரு மணிக்கு ஏழு மாடிக் கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட் இயந்திர அறையில் அவர் விழுந்துகிடந்ததைக் காவலாளி பார்த்தார்.

அந்த இரண்டு சொல்லைத்தான் அக்கா பதினாலு மாதமாக எல்லாரிடமும் சொல்லி அழுதாள். "என் வாய்தான்டி. என் வாய்தான் தின்னுடுச்சு." கேட்டவர்கள் எல்லாரும் ஒரே பதில்தான் சொன்னார்கள்: சேச்சே, வாய் வார்த்தையில் யாராவது சாவார்களா? புருஷன் பெண்டாட்டி என்றால் ஆயிரம் இருக்கும். அக்கா தலையாட்டுவாள். மறுவாரம் வேறு யாரிடமாவது மறுபடி ஆரம்பிப்பாள்.

இப்போது தங்கையின் கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். கிழிசலுக்கு வயது ஐந்து முதல் ஏழு நாள். சண்டை வெள்ளிக்கிழமை காலை. அக்கா வாயைத் திறப்பதற்குப் பல நாள் முன்பே அது கிழிந்துவிட்டது! அதை மட்டும் சொல்லிவிட்டால் போதுமே. சோற்றில் கை வைத்துக்கொண்டு திடீரென்று வெறித்துப் பார்க்கிற அக்காவின் எதிரே உட்கார்ந்து, தொண்டைவரை வந்த சொல்லைத் தண்ணீரோடு சேர்த்து விழுங்கிவிட்டு, தங்கை தினமும் எழுந்து போனாள்.

(நேர்மையாக ஒரு குறிப்பு: பெருங்கோபம் கடைசித் தள்ளலாக இருந்திருக்கவே முடியாது என்று எந்த மருத்துவரும் எழுதிக் கையெழுத்துப் போட மாட்டார். தங்கைக்கும் அது தெரியும். ஆனாலும் 'நீ ஆரம்பிக்கவில்லை' என்று சொல்வதற்கு அவளிடம் சான்று இருந்தது.)

6

ஒன்பது நாள் பொறுத்தாள். பத்தாம் நாள் மாலை காரில் பேச்செடுத்தாள்.

அக்கா கடைசி வகுப்பை ஆய்வுக்கூடத்தின் வழியாக வைத்துக்கொண்டு தங்கையை ஏற்றிக்கொள்வது வழக்கம். அன்று ஓட்டிக்கொண்டிருந்தவர் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர், வயது அறுபத்து மூன்று. ஸ்டியரிங்கை அது ஓடிப்போய்விடும் என்பதுபோல் கட்டிப் பிடித்திருந்தார். தங்கை பின் இருக்கையில்.

"அக்கா, அன்னிக்கு ஆஸ்பத்திரில ஏதோ ஃபாரத்துல கையெழுத்துப் போட்டியாமே."

பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் அக்காவின் கண்கள் நிமிர்ந்தன. "கிளட்சை மெதுவா விடுங்க டீச்சர். யாருடி சொன்னா?"

"யாரோ. அதுல ஒரு கேள்விக்கு வேண்டாம்னு போட்டிருக்கே."

"இண்டிகேட்டரைப் போடுங்க டீச்சர். இடது. அது வைப்பர். …ஆமா போட்டேன். அதுக்கென்ன இப்ப?"

"அதை மாத்தலாம். நீ நேர்ல வந்தா போதும்."

மழை இல்லாத கண்ணாடியில் வைப்பர் கர்ர்ரென்று போய்வந்தது.

"உன் லேப்லதான் இருக்காரா அவரு?" என்றாள் அக்கா.

தங்கை பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"நீ பார்த்தியா?"

"நான் எதுவும் சொல்லக் கூடாதுக்கா."

"நல்லதா கெட்டதா, அதையாவது சொல்லு."

"அதையும் சொல்லக் கூடாது."

"உன் மூஞ்சியே சொல்லுதே. பரீட்சையில பாஸானப்ப வெச்சிருப்பியே, அந்த மூஞ்சி." அக்கா தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்தாள். கார் குலுங்கி ஓரமாக நின்றது.

"நான் போகணுமா, நிக்கணுமா?" என்றார் டீச்சர் பதறி.

"நில்லுங்க டீச்சர். ரெண்டு நிமிஷம் காதைப் பொத்திக்குங்க."

"ஸ்டியரிங்கை விடாதீங்கன்னு நீதானேம்மா சொன்னே. எந்தக் கையால பொத்தறது?"

அக்கா பின்னால் திரும்பினாள். பிறகு அவள் பேசியது எல்லாம் ஒரே மூச்சில்.

"நீ என்ன நினைச்சுக்கிட்டு வந்திருக்கேன்னு எனக்குத் தெரியும். அவர் செத்தது என் வாயால இல்லைன்னு சொல்லப் போறே. அதானே? அது எனக்கே தெரியும்டி. வாயால யாரும் சாக மாட்டாங்க. நான் திட்டாத நாள் எது? ஞாயித்துக்கிழமை… அதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை காலையில கட்டில் ஓரத்துல உட்கார்ந்துக்கிட்டு நெஞ்சைப் பிடிச்சாரு. வேர்த்து ஊத்துது. என்னன்னு கேட்டேன். வாயுன்னாரு. நானும் வாயு மாத்திரையைக் குடுத்து வெந்நீர் வெச்சுக் குடுத்தேன். அரை மணி நேரத்துல சரியாப்போச்சுன்னு எந்திரிச்சுட்டாரு. திங்கக்கிழமை தோள் வலிக்குதுன்னாரு. வேலைக்கு மட்டம் போட நாடகமான்னு கேட்டேன். சிரிச்சாரு. சிரிச்சுட்டு வேலைக்குப் போனாரு."

தங்கையின் முகம் வெளுத்தது.

"ஊரெல்லாம் போய்த் தொலைங்கன்னு சொன்னதைச் சொல்லி அழுதேனே, ஏன் தெரியுமா? அதைச் சொன்னா எல்லாரும் சேச்சேன்னுவாங்க. ஞாயித்துக்கிழமையைச் சொன்னா ஒருத்தர்கூட சேச்சேன்னு சொல்ல மாட்டாங்க. ஏன் அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகலைன்னுதான் கேப்பாங்க. அந்த ஆராய்ச்சியும் அதையேதான் சொல்லும்னு வேண்டாம்னு போட்டேன்."

இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது. கணக்கு டீச்சர் முதல் தடவையாகத் தானாகவே சாவியைத் திருப்பி அதை நிறுத்தினார். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து, மடியில் வைத்துக்கொண்டு, முன்னால் பார்த்தபடியே சொன்னார்:

"எங்க வீட்டுக்காரருக்கும் ஒரு ஞாயித்துக்கிழமை அப்படித்தான்மா நெஞ்சைப் பிடிச்சுது. வேர்த்து ஊத்துச்சு. நானும் வாயு மாத்திரைதான் குடுத்தேன்."

"அப்புறம்?"

"வாயுதான். இன்னும் இருக்காரு. வாராவாரம் பிடிக்குது, வாராவாரம் மாத்திரை குடுக்கறேன்." சற்று நிறுத்தி, "நான் உன்னைவிட ஒண்ணும் புத்திசாலி இல்லைம்மா," என்றார்.

அக்காவுக்கு உடனே அழுகை வந்தது. டீச்சர் அவள் முதுகில் தட்டிக்கொடுத்தார். பின் இருக்கையில் தங்கை மனதுக்குள் கணக்குப் போட்டாள். ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன், வியாழன். வெள்ளிக்கிழமை காலையில் அந்தக் கிழிசலுக்கு வயது ஐந்து நாள். பரிசு என்று நினைத்து அவள் இத்தனை நாள் மடியில் கட்டிக்கொண்டிருந்தது பரிசு இல்லை.

கண்ணாடியில் அக்கா அதைப் பார்த்துவிட்டாள். "ஏன்டி இப்ப மூஞ்சி மாறுது?" என்றாள்.

7

இங்கே நான் ஒரு வாரம் நின்றுவிட்டேன்.

என் கையில் பேனா இருக்கிறது. 'ஐந்து முதல் ஏழு' என்பதை 'இருபது' என்று மாற்ற ஒரு நொடி போதும். அப்போது ஞாயிற்றுக்கிழமைக்கும் முன்பே எல்லாம் தொடங்கியிருக்கும், அக்கா தப்பித்துவிடுவாள். மாற்றியும் பார்த்தேன். மறுநாள் படித்தபோது தங்கை பதினோரு வருடம் மூச்சை அடக்கியதெல்லாம் எதற்கு என்று என்னைக் கேட்பதுபோல் இருந்தது. பழையபடி திருத்தினேன்.

ஞாயிற்றுக்கிழமையையே எடுத்துவிடலாம் என்றும் தோன்றியது. அக்கா காரில் சும்மா அழுவாள், தங்கை உண்மையைச் சொல்வாள், டீச்சர் லைசென்ஸ் வாங்குவார். படித்துவிட்டு நீங்களும் நிம்மதியாகத் தூங்கப் போவீர்கள். ஆனால் அதைச் சொன்னது அக்கா. பதினாலு மாதம் யாரிடமும் சொல்லாததை ஓடாத காரில் உட்கார்ந்து சொன்னாள். சொன்னதைச் சொல்லவில்லை என்று ஆக்க என்னால் முடியவில்லை.

இன்னொரு சந்தேகம். இவ்வளவுக்குப் பிறகு அக்கா ஆய்வுக்கூடத்துக்குப் போவாளா? போகாமல் இருக்கத்தான் நியாயம் அதிகம். நான் அவளைப் போகவிடாமல் இரண்டு பக்கம் எழுதினேன். சமைத்தாள், துணி மடித்தாள், கழற்றிப்போட்ட இயந்திரத்தின் பாகங்களை ஒரு வாளியில் அள்ளி

(அந்த இரண்டு பக்கம் அங்கேயே நிற்கட்டும். அவள் போனாள். தெரிந்துகொள்வதைவிட, தங்கைக்குத் தெரிந்தது தனக்குத் தெரியாமல் ஒரே வீட்டில் இருப்பது அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. காரணம் அவ்வளவுதான்.)

8

பேராசிரியை படிவத்தை நீட்டினார். அக்கா 'வேண்டாம்' என்பதில் இருந்த டிக்கைக் கோடு போட்டு நீக்கி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள்.

பெரிய திரையில் மோதிரம் வந்தது. அக்கா தலையைச் சாய்த்துப் பார்த்தாள். பிறகு, "இவ்வளவுதானா?" என்றாள். "இவ்வளவு சின்னதா?"

"நிஜத்துல பென்சில் முனை அளவுதாங்க," என்றார் பேராசிரியை. "இந்தக் கோடுகளைப் பாருங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. நாலு தடவை உள்ளே கிழிஞ்சிருக்கு. நாலு தடவையும் ஆறியிருக்கு."

"எப்போ?"

"தேதி சொல்ல முடியாது. வருஷக்கணக்கா நடந்திருக்கும்."

"வலிச்சிருக்குமா அவருக்கு?"

"தெரிஞ்சேகூட இருக்காது."

அக்கா நாற்காலியை முன்னால் இழுத்தாள். நான்கு கோடுகளையும் மெதுவாக ஒவ்வொன்றாகப் பார்த்தாள், பழைய ஆல்பத்தில் யார் யார் என்று தேடுவதுபோல.

"வருஷக்கணக்கான்னா… அப்ப இந்த நாலு தடவையும் நான் அவரைத் திட்டிக்கிட்டுதானே இருந்திருப்பேன்?"



"சந்தேகமே வேண்டாம்," என்றாள் தங்கை.

"திட்டத் திட்ட ஆறியிருக்காரு மனுஷன்."

அக்கா சிரித்தாள். சிரிப்பு பாதியில் திரும்பி அழுகையாயிற்று. அந்த அறையில் இருந்தது லென்ஸ் துடைக்கும் தாள் மட்டும்தான். பேராசிரியை அதையே கட்டாக எடுத்துக் கொடுத்தார். அது ஒரு சொட்டைக்கூட உறிஞ்சாது. அக்கா அதை முகத்தில் தேய்த்துக்கொண்டே, "என்ன பேப்பர்மா இது," என்றாள்.

பிறகு பச்சைப் புள்ளிகளைக் காட்டினார்கள். அறுந்த இடங்கள், கூடி நிற்கிற வேலையாட்கள், தங்கள் கிழிசலை வைத்துக்கொண்டே ஊர்ந்து வந்த செல்கள். அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். கேட்கிறாளா என்று சொல்ல முடியவில்லை. கடைசியில் எழுந்து திரையருகே போனாள். நான்கு கோடுகளுக்கும் மேலே, ஐந்தாவது அடுக்கு ஆரம்பித்து முடியாமல் நிற்கிற இடத்தில் விரலை வைத்தாள்.

"இது எப்பக் கிழிஞ்சது?"

பேராசிரியை தங்கையைப் பார்த்தார். "இப்ப நீ சொல்லலாம்மா," என்றார்.

முடிவுகள்.

ஒன்று. தங்கை சொல்கிறாள்: "அஞ்சு நாள்க்கா." அக்கா, "ஞாயித்துக்கிழமை," என்கிறாள். விரல் திரையிலிருந்து கீழே

இரண்டு. "சரியாச் சொல்ல முடியாதுக்கா." அக்கா அவள் முகத்தைப் பார்க்கிறாள். பரீட்சை முகத்தையே கண்டுபிடிக்கிறவளிடம் இந்த முகம் எத்தனை நொடி தாங்கும்? வீடுவரை போகும் வழியில் இருவரும்

மூன்று. தங்கை நேராகவும் சொல்கிறாள், முழுசாகவும் சொல்கிறாள். அஞ்சு நாளோ ஏழு நாளோ. ஞாயித்துக்கிழமையாவும் இருக்கலாம். கூட்டிட்டுப் போயிருந்தா பிழைச்சிருக்கலாம், பிழைக்காமயும் இருந்திருக்கலாம். ஆனா அன்னிலேர்ந்து வெள்ளிக்கிழமை வரைக்கும் இதுங்க வேலையை நிறுத்தலை, பாரு, இங்கே, இங்கே… இது எனக்குப் பிடித்திருக்கிறது. எழுதுகிறவனுக்கு இவ்வளவு பிடித்துப்போகிற முடிவை நம்பலாமா என்று தெரியாமல் இதையும் பாதியிலேயே நிறுத்திவிட்டேன்.

நான்காவதாக ஒன்று உங்களிடம் இருக்கலாம். உங்களுக்கும் ஓர் அக்காவோ தம்பியோ, யாரிடமும் சொல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமையோ இருக்கலாம். என்னைவிட உங்களுக்குச் சரியாகச் சொல்லத் தெரிந்திருக்கும்.

ஒன்றை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அன்று பதில் எதுவாக இருந்தாலும், அரை மணி நேரம் கழித்து அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் அந்தக் கட்டடத்தின் படியிறங்கினார்கள். அதை எழுதி வைத்துவிட்டேன், தயவுசெய்து மாற்றாதீர்கள். அதற்கு முன்னால் உள்ள ஒரு வரி காலியாக இருக்கிறது. அதை நீங்கள் எழுதுங்கள். ரொம்ப நேரம் எடுத்துக்கொள்ள வேண்டாம், அக்கா இன்னும் விரலை எடுக்கவில்லை.